வழிவிடுவதற்காகவா முதுமை?

பணி நிறைவு விழாக்களில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: "இளைய தலைமுறைக்கு வழிவிட்டுச் செல்கிறார்." மாலை போட்டுக்கொண்டவரும் சிரித்தபடி கேட்டுக்கொள்வார். அந்தப் பாராட்டுக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. மனிதனுக்கு ஏன் மூப்பு வருகிறது என்ற கேள்விக்கு உயிரியலிலும் சமூகவியலிலும் தொடக்கத்தில் கிடைத்த விடை ஏறத்தாழ இதுதான். இரு துறைகளிலும் அது செல்வாக்கு இழந்தது. இழந்த விதமும் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 1881இல் ஆற்றிய உரை ஒன்றில் இப்படி வாதிட்டார்: தேய்ந்துபோன உயிர்கள் தம் இனத்துக்குப் பயன்படாதவை, நல்ல உடல்கொண்ட இளையவற்றின் இடத்தை அவை அடைத்துக்கொள்கின்றன, எனவே இயற்கைத் தேர்வே முடிவுக்கு ஏற்பாடு செய்தது. கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் உயிர்கள் ஏன் தேய்கின்றன என்பதல்லவா கேள்வி? அவை தேய்ந்தவை என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் விளக்குவதற்கு என்ன மிச்சம்? வைஸ்மனே பின்னாளில் இதை வலியுறுத்தவில்லை.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி காட்டியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார். 1951இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அவர் ஆற்றிய உரையில் சோதனைக் குழாய்கள் வருகின்றன. மூப்பே அடையாத குழாய்கள். ஆனால் அவ்வப்போது கைதவறி உடைகின்றன, உடைந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கப்படுகின்றன. சில காலம் கழித்து எண்ணிப் பார்த்தால் பழைய குழாய்கள் சொற்பமாகவே இருக்கும். காட்டில் வாழும் உயிர்களின் நிலையும் அதுதான். முதுமை வந்து சேருமுன்பே பகை விலங்கும் பசியும் நோயும் பெரும்பாலானவற்றை முடித்துவிடுகின்றன. ஆகவே பிந்திய வயதில் மட்டும் கெடுதல் செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. மரபுவழி வரும் நரம்பு நோயான ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் பிள்ளைகள் பிறந்த பிறகே தலைகாட்டுகிறது, அதனால்தான் அது களையப்படாமல் தொடர்கிறது என்று மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஏற்கெனவே கவனித்திருந்தார். முதுமை யாரும் வகுத்த திட்டமன்று, இயற்கையின் பாராமுகம்.

ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் இன்னும் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மை செய்யும் மரபணுவே முதுமையில் தீங்கு செய்யலாம்; லாபம் முன்னதாகவே கிடைத்துவிடுவதால் அது நிலைத்துவிடும். 1977இல் தாமஸ் கர்க்வுட் இதைச் செலவுக் கணக்காகவே எழுதினார்: கிடைக்கும் சக்தி அளவுள்ளது, அதை இனப்பெருக்கத்துக்கும் உடலின் பழுதுநீக்கத்துக்கும் பங்கிட வேண்டும், எப்படியும் சீக்கிரம் கொல்லப்படப்போகும் உடலைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பது வீண்செலவு.

அப்படியானால் கொல்ல வரும் பகை குறைந்த இடத்தில் மூப்பும் மெதுவாக வர வேண்டும். அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டட் இதை ஒப்போசம் என்ற சிறு பைப்பாலூட்டியிடம் சோதித்துப் பார்த்தார். ஜார்ஜியா மாநிலக் கரையோரத்திலுள்ள சாப்பலோ தீவில், பெருநிலத்தில் இருப்பதுபோல் இவற்றை வேட்டையாடும் விலங்குகள் இல்லை. சில ஆயிரம் ஆண்டுகளாகவே அந்த நிலைதான். 1993இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, தீவு ஒப்போசங்கள் கூடுதல் காலம் வாழ்ந்தன, ஓர் ஈற்றில் குறைவான குட்டிகளே போட்டன, மூப்பின் அடையாளமான வால் தசைநாரின் இறுக்கமும் மெதுவாகவே ஏறியது. எனக்குத் தெரிந்தவரை இத்துறையில் இதைவிட அழகான சான்று குறைவு.

மூப்பு 'எப்படி' நிகழ்கிறது என்பதற்கு விளக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. மனித உயிரணுக்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961இல் லெனர்ட் ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் தேய்வதே அதற்குக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. டென்ஹம் ஹார்மன் 1956இல், உடலில் உருவாகி உயிரணுக்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களைக் குற்றம் சாட்டினார். அதை நம்பி விற்கப்படும் மாத்திரைகள் ஆயுளை நீட்டியதாக இதுவரை நிரூபணம் இல்லை. இவை தேய்மானத்தின் வழிகளைச் சொல்கின்றன. தேய்மானத்தை ஏன் தடுக்கவில்லை என்பதற்கு மெடவாரிடம்தான் திரும்ப வேண்டும்.

மனிதரிடம் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். டான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும் கண்டது இது: மூத்த பெண்கள் இளம்பெண்களுக்குச் சளைக்காமல் கிழங்கு தோண்டுகிறார்கள்; தாய்க்குக் கைக்குழந்தை இருக்கும்போது, பால்குடி மறந்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்பைப் பொறுத்து ஏறுகிறது. மனிதரின் நீண்ட ஆயுளுக்கே இதுதான் காரணமா என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் முதியவர் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர் என்ற வைஸ்மனின் படத்துக்கு இந்தப் பாட்டிகள் பொருந்தவில்லை.

ஹேஃப்ளிக் உயிரணுக்களை எண்ணிய அதே 1961இல், கான்சஸ் நகரத்து முதியவர்களை ஆராய்ந்த எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும் தங்கள் 'விலகல் கோட்பாட்டை' நூலாக்கினார்கள். வயது ஏற ஏற மனிதர் சமூகத்திலிருந்து விலகுகிறார், சமூகமும் அவரை விடுவிக்கிறது. இது எங்கும் நிகழ்வது, தவிர்க்க முடியாதது, இரு தரப்புக்கும் நல்லது என்றார்கள். வைஸ்மனின் குரல்தான், இம்முறை அலுவலக உடையில். விலகாத முதியவர்களை என்ன செய்வது? அவர்களுக்கும் கோட்பாட்டில் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாதபடி அந்தக் கோட்பாடு அமைந்திருக்கிறது என்று 1975இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் விமர்சித்தார். அதற்கு முன்பே, அதே கான்சஸ் தரவுகளை வைத்துக்கொண்டு, ராபர்ட் ஹாவிகர்ஸ்டும் பெர்னிஸ் நியூகார்ட்டனும் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள்: சுறுசுறுப்பாக இருப்பவர்களே பொதுவாக நிறைவாக இருக்கிறார்கள், ஒதுங்கி நிறைவு காண்பவர்களும் உண்டு, தீர்மானிப்பது வயதன்று, அவரவர் இயல்பு.

ஆனாலும் வயதானவர்களின் வட்டம் சுருங்குவது கண்கூடு. உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதை வேறு கோணத்தில் பார்த்தார். சுருக்குவது வயதன்று, இன்னும் எவ்வளவு காலம் மீதி என்ற உணர்வு; நேரம் குறைவு என்று தோன்றினால் மனம் புதிய அறிமுகங்களை விட்டு நெருங்கியவர்களிடம் போகும். இதற்குச் சோதனைக்களமாக அமைந்தது ஹாங்காங். 1997இல் அது சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்த நாள் நெருங்கியபோது, ஒரு காலம் முடிகிறது என்ற உணர்வில் அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களைத் தேடினார்கள். ஓராண்டு கழிந்ததும் வயது வேறுபாடு திரும்பிவிட்டது.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. நெருங்கியவர்களைத் தேர்ந்துகொள்ள வேண்டுமானால் அவர்கள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அவர்களில் பலருடைய பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். "அப்பா இப்போதெல்லாம் யார் வீட்டுக்கும் போவதில்லை" என்று தொலைபேசியில் சொல்லப்படும்போது, அது அவர் விரும்பிச் சுருக்கிக்கொண்ட வட்டமா, அல்லது முழங்கால் வலியும் காது மந்தமும் பேருந்துப் படியின் உயரமும் சேர்ந்து சுருக்கிய வட்டமா என்பதை எந்தக் கோட்பாடும் தூரத்திலிருந்து சொல்லிவிட முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.