சொல்தா

புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், "சொல்தா வீட்டுக்கு எதிர்த்தாற்போல" என்று பதில் வரலாம். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்தான் சொல்தா. இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றி வந்தவர்கள். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கங்கள் அணிந்து நிற்பார்கள்.

படைவீரன் என்று பொருள்படும் இச்சொல்லின் கடைசியில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு தகர மெய் உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஏட்டைப் பார்த்து எடுத்திருந்தால் 'சொல்தாத்' ஆகியிருக்கும். புதுச்சேரிக்காரர்கள் காதால் கேட்டு எடுத்தார்கள். 'டா' வராமல் 'தா' வந்ததும் அதனால்தான். இந்த ஒலியைச் சொல்ல ஆங்கிலேயர் நாக்கு மேல் ஈற்றைத் தொடும். நமக்கு டகரமாகக் கேட்கும். பிரெஞ்சுக்காரர் நாக்கு பல்லைத் தொடும், தகரமாகக் கேட்கும். ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்த டாக்டர், பிரெஞ்சுக்காரர் வாயில் 'தொக்தேர்'.

பிரெஞ்சுக்கும் இது இரவல் சொல்தான். இத்தாலியர்களின் 'சொல்தாத்தோ'விலிருந்து வந்தது. அதற்குள் இருப்பது 'சொல்தோ' என்ற காசு. அந்தக் காசுக்கு மூலம், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட 'சோலிதுஸ்' என்ற பொற்காசு. ஆக, காசு வாங்கிக்கொண்டு போரிடுபவன் சொல்தா. ஆங்கில 'சோல்ஜர்' பிறந்ததும் இதே காசிலிருந்துதான். நம் 'மறவன்' மறத்தால் பெயர் பெற்றான். ஐரோப்பியப் படைவீரன் சம்பளத்தால் பெயர் பெற்றான்.

18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுப் படையின் ஐரோப்பியனுக்குத்தான் இந்தப் பெயர். உள்ளூர்க்காரன் சிப்பாய், அது பாரசீகச் சொல். தமிழன் சிப்பாயிலிருந்து சொல்தாவானது பிற்காலத்தில், பிரெஞ்சுக் குடிமகனாகப் படையில் சேர்ந்தபோது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் இதற்கான இரு நாட்டு ஒப்பந்தம் முறைப்படி நடப்புக்கு வந்தபின், விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். தேர்ந்தவர்களில் சொல்தாக்களும் இருந்தார்கள். குண்டுச் சத்தமெல்லாம் ஓய்ந்துவிட்டது. மிஞ்சியது பிரான்ஸ் அனுப்பும் ஓய்வூதியம். 'சொல்தா வீடு' என்று ஊர் சொல்லும்போது அந்தப் பணமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

சோலிதுஸ் என்றைக்கோ ஒழிந்தது. பிராங்க் 2002இல் புழக்கத்திலிருந்து போனது. சொல்தாவின் ஓய்வூதியம் இப்போது யூரோக் கணக்கில் வருகிறது.