எழுத்து பிடிபடாத பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கல பகுதித் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு 'படிப்பு ஏறாது' என்ற பெயர் சீக்கிரம் வந்துவிடுகிறது. பாடசாலையைவிட்டு இடைவிலகலுக்கு அதுவே முதற்படி. காரணத்தை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதலில் கண்ணும் காதும்
தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறும். பார்வை, கேட்டல் குறைபாடு இருந்தால் அதில் தெரியவரலாம். அடுத்து, பிள்ளை எத்தனை நாள் பாடசாலைக்கு வந்தது என்று பாருங்கள். இடப்பெயர்வாலும் வறுமையாலும் வகுப்புகளைத் தவறவிட்ட பிள்ளைக்குத் தேவை விடுபட்ட பாடம். பிள்ளையின் கவனச்சிதறலுக்கு அச்சமும் தூக்கமின்மையும் காரணமாகலாம்.

எளிய சோதனை
ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை, ஒழுங்காகப் பாடசாலை வந்தும் அதே கதையை வாசிக்கத் திணறினால், வாசிப்பு இடர்பாடு (டிஸ்லெக்சியா) இருக்கலாம். 'கடல்' என்பதில் 'க'வை நீக்கினால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். ஒலிகளைப் பிரிக்க முடியாமை முக்கிய அறிகுறி. இது புத்திக்குறைவு அல்ல. குடும்ப வழியாகவும் வரும்.

தமிழில் எங்கே சிக்கல்?
247 எழுத்துகள் ஒரு பாரம். 'தே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க', ஒலி வேறு. ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. மாதக்கணக்கில் பயிற்றியும் மாறாவிட்டால் கவனியுங்கள்.

என்ன செய்யலாம்?
- நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று எழுத்துகள். ஒலியைச் சொல்லியபடி மணலில் எழுதட்டும்.
- ஒரே சிறு பந்தியைச் சரளமாகும்வரை திரும்ப வாசிக்கட்டும்.
- வகுப்பின் முன் உரத்து வாசிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். வாய்மொழி விடையை ஏற்றுக்கொள்ளுங்கள்.
- எழுத்தறியாத பெற்றோரும் கதை சொல்லலாம், விடுகதை போடலாம்.

யாரிடம் போவது?
முதலில் வகுப்பாசிரியர், பின்னர் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவு. மருத்துவ மதிப்பீட்டுக்கு அரச வைத்தியசாலையின் சிறுவர் சிகிச்சைப் பிரிவை நாடலாம். வைத்திய அறிக்கை இருந்தால், பரீட்சைச் சலுகைகளுக்குப் பாடசாலை ஊடாக விண்ணப்பிக்கலாம்.

இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வாங்கில் உட்கார வைத்தால் மட்டும் அந்த உரிமை நிறைவேறாது. தரம் 2இல் கண்டுகொண்டால் பிள்ளைக்கு ஓடிப் பிடிக்க நேரமிருக்கும். தரம் 8இல் கண்டுகொள்ளும்போது பல பிள்ளைகள் வாங்கிலேயே இருக்கமாட்டார்கள்.