அயல்நாட்டு இளைஞர் தொண்டுப் பரிமாற்றம்

ஒரு நாட்டின் இளைஞர் பிறிதொரு நாட்டிற்குச் சென்று, ஊதியங் கருதாது, உணவும் உறையுளும் சிறு கைச்செலவுப் பணமும் மட்டும் பெற்று, சில மாதங்களோ ஓரிரண்டு ஆண்டுகளோ அங்குள்ள மக்களிடையே தங்கிப் பணியாற்றுவதும், அந்நாட்டு இளைஞர் அதே முறையில் இங்கு வந்து தங்குவதும் இப்பெயரால் குறிக்கப்படும். சமயத் தொண்டு, யுத்தத்திற்குப் பின் எழுந்த சமாதான இயக்கம், அரசுகளின் அயல்நாட்டுக் கொள்கை ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் இவ்வழக்கத்தை வளர்த்தன. செல்பவர் கொடுக்கச் செல்கிறாரா, கற்கச் செல்கிறாரா என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் அளித்த விடையே இதன் சரித்திரம் எனலாம்.

தோற்றம். முதல் உலக யுத்தத்தில் அழிந்த பிரெஞ்சுக் கிராமங்களுள் ஒன்றான, வெர்தூனுக்கு அண்மையிலுள்ள எஸ்னில், சுவிட்சர்லாந்தின் பொறியியலாளர் பியேர் செரெசோல் 1920ஆம் ஆண்டு பல நாட்டுத் தொண்டரைத் திரட்டி வீடுகளைச் சீர்படுத்தத் தொடங்கினார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தமை உள்ளூரிற் கசப்பை விளைவித்ததனால் அம்முகாம் சில மாதங்களிலேயே நின்றது. எனினும் அதிலிருந்தே சர்வதேசத் தொண்டு இயக்கம் என்னும் ஸ்தாபனம் உருவாயிற்று. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரைக் குலைத்த பூகம்பத்திற்குப் பின், செரெசோலும் அவர் தோழர் சிலரும் முசபர்பூர்ப் பகுதிக்கு வந்து, குடியிருப்புகளை மீண்டும் எழுப்பும் பணியில் கிராமத்தாரோடு உழைத்தனர்.

தமிழ்நாட்டு முன்னோடிகள். மதுரைச் சீமையில் 1834 முதற்கொண்டு அமெரிக்க மிஷன் பணியாற்றி வந்ததாயினும், அதன் நோக்கம் போதிப்பதாகவே இருந்தது. மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921ஆம் ஆண்டு திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, ஒரே உடை, ஒரே உணவு என்னும் நியமத்தில் இணைந்து வாழ்ந்தபோது, அயலாரும் உள்ளூராரும் சமமாகக் கூடும் முறைக்கு வழி பிறந்தது. 1925இல் மதுரைக்கு வந்த அமெரிக்க இளைஞர் ரால்ப் ரிச்சர்டு கைத்தான், காந்தியடிகளின் கொள்கையில் ஈடுபட்டமையால் ஆங்கில அரசினரால் 1930இலும் 1944இலும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டும், சுதந்திரத்திற்குப் பின் திரும்பிவந்து காந்திகிராமத்தோடு இணைந்து உழைத்தார். சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன் இளமையில் இவரோடு பழகிப் பணியாற்றியவர். போதிக்க வந்தவர் காந்தியடிகளிடம் மாணவராய் அமர்ந்தமையே கைத்தானின் வாழ்க்கை உணர்த்தும் விசேஷமாகும்.

மதுரையும் ஓபர்லினும். சீனத்தின் ஷான்சி மாகாணத்தில் 1900ஆம் ஆண்டுக் கலகத்தின்போது உயிர்நீத்த தம் கல்லூரி மிஷனரிகளின் நினைவாக, அமெரிக்க நாட்டு ஓபர்லின் கல்லூரியினர் 1908இல் ஷான்சி நினைவுச் சங்கத்தை அமைத்தனர். சீனத்தில் 1949இல் ஆட்சி மாறியபின் அச்சங்கம் வேறு களம் தேட நேர்ந்தது. அவ்வாறு 1950களில் தொடர்பு பெற்றவற்றுள் மதுரை அமெரிக்கன் கல்லூரி ஒன்று. பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆன இளைஞர் ஈராண்டு மதுரையில் தங்கி ஆங்கிலம் கற்பித்தும் தமிழ் கற்றும் வாழ்ந்தனர். மதுரை ஆசிரியர் ஓபர்லினுக்குச் சென்றனர். இருபுறப் போக்குவரவு அமைந்தமையால் இது பரிமாற்றம் என்னும் பெயருக்கு முழுதும் உரியதாயிற்று.

அரசுகளின் காலம். இங்கிலாந்தில் அலெக் டிக்சன் 1958இல் தொடங்கிய கடல்கடந்த தன்னார்வத் தொண்டு நிறுவனம், பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதினரையே முதலில் அனுப்பியது; பெறும் நாடுகளோ ஆர்வத்தினும் தொழிற்பயிற்சி மிக்கவரை வேண்டியமையால், நாளடைவில் தேர்ச்சி பெற்றோரே மிகுதியாகச் சென்றனர். 1961 மார்ச்சு முதல் நாள் ஜனாதிபதி கென்னடி அமைத்த அமெரிக்க அமைதிப்படையின் முதற்குழு அவ்வாண்டின் இறுதியிலேயே பஞ்சாபிற்கு வந்தது. 1976இல் அப்பணி முடிவுறும்வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிற் கோழிவளர்ப்பு, பயிர்த்தொழில், ஊட்டவுணவு முதலிய துறைகளில் ஈடுபட்டனர். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் தம் அறுபத்தெட்டாம் வயதில் பம்பாய்க்கு அருகே தொண்டாற்றியமை, இளமை என்பது வயதை மட்டும் குறிப்பதன்று என்பதற்குச் சான்று. ஜப்பானும் 1965இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிற்று. இலங்கையில் ஆரியரத்தின 1958இல் மாணவரைக் கொண்டு தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம், உள்ளூர் உழைப்பை முதலாகவும் அயலார் துணையை அடுத்ததாகவும் வைத்தது. இந்தியாவில் 1969 செப்டம்பர் 24 அன்று முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் மாணவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றது. ழாக் எபேர் 1971இல் நிறுவிய கனடா உலக இளைஞர் அமைப்போ, கனடிய இளைஞரையும் பிறநாட்டு இளைஞரையும் இணையிணையாகச் சேர்த்து, இரு நாட்டிலும் மாறிமாறி வாழச் செய்தது.

தொண்டரின் வாழ்க்கை. மொழிப்பயிற்சி, ஊர்ப்பெரியோர் அறிமுகம், ஒரு குடும்பத்தில் தங்கல், பணி, விடைபெறல் என்பது பொதுவான கிரமம். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் கையால் உண்ணும் பழக்கமும் சில வாரங்களிற் பழகிவிடும்; தனித்திருக்க விழைபவரை ஊரார் தனியே விடாமையும், “எத்தனை பிள்ளைகள்? சம்பளம் எவ்வளவு?” எனத் தயங்காது வினவுவதுமே பெரும்பாலோர்க்கு நெடுநாள் வியப்பாக நிற்பவை. அக்காவென்றும் தம்பியென்றும் உறவுமுறை சூட்டப்பெற்றபின் அவ்வினாக்களே பரிவின் வடிவம் என்பது புலனாகும்.

ஏழாயிரம்பண்ணையும் கரிசற் சீமையும். இவ்வாழ்க்கைக்கு ஓர் எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்தைச் சார்ந்த ஏழாயிரம்பண்ணையைக் கொள்ளலாம். மழையையே நம்பிய கரிசல் நிலத்தின் வறட்சியை இன்று தீப்பெட்டியும் பட்டாசும் ஈடுசெய்கின்றன. இத்தொழில்களின் தொடக்கமே ஒரு கல்விப் பிரயாணம். சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று, எட்டு மாதம் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு சொந்த ஊரில் தொழில் தொடங்கினர். கடல் கடக்காவிடினும், அந்நியமான நகரில் மாணவராய் அமர்ந்து, கற்றதை ஊருக்கு ஈந்த அவர் செயல் இக்கட்டுரைப் பொருளுக்கு நெருங்கியதே.

இச்சீமைக்கு வரும் அயல்நாட்டு இளைஞர்க்கு முதற்பாடம் இத்தொழில்களே. விடியுமுன்னரே பெண்கள் ‘தீப்பெட்டி ஆபீஸு’க்கும் ‘பட்டாசு ஆபீஸு’க்கும் வேன்களில் ஏறுவதைக் கண்டு, தாமும் கைகொடுக்க விழைபவர்க்கு அங்கு இடமில்லை. வெடிமருந்து கையாளும் அறை ஒவ்வொன்றிலும் நால்வர்க்கு மேல் இருத்தலாகாதென விதி தடுக்கிறது. ஓர் உராய்வே தீயாகும் அவ்விடத்தில், பயிலாத நல்லெண்ணத்தால் உதவிக்கு வந்தவர்க்கும் அருகிலிருப்பவர்க்கும் ஆபத்தே நேரும். எனவே தொண்டர் ஆற்றத்தக்கவை மாலைப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்வதும், கண்மாய்க்கரையில் மண்சுமப்பதும், விபத்துத் தடுப்பைக் கற்று அதைப் பிறர்க்கு உரைப்பதுமேயாம். பயிலாத நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது எவ்வூரிலும் தொண்டர்க்குப் பொருந்தும் நெறியாம்.

மதிப்பீடு. குறுகிய காலம் தங்குவோர் தம் பெருமைக்கே வருகின்றனர் என்றும், உள்ளூரார்க்குரிய வேலையைத் தடுக்கின்றனர் என்றும் கண்டனங்கள் எழுந்துள்ளன. அவை முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் அழைப்பின்றிச் செல்லாமை, மொழி கற்றல், உள்ளூர்த் துணைவரோடு சேர்ந்தே செயலாற்றல், விடைபெற்றபின்னும் தொடரத்தக்க பணியை மட்டும் மேற்கொள்ளல் ஆகிய நான்கும் கைக்கொள்ளப்பட்ட இடங்களில் இம்முறை பயன் தந்துள்ளது. அயலூரில் இளைஞர் ஆற்றிய பணியின் அளவைக் காட்டிலும், ஊர் திரும்பியபின் தம் மக்களிடம் அவர் எதை எடுத்துரைக்கிறார் என்பதிலேயே அதன் பெரும்பயன் உறைகிறது. ஆதலின் இத்திட்டங்களை மதிப்பிடுவோர், இளைஞர் சென்ற ஊரை ஆராய்வதோடு, அவர் திரும்பிய ஊரையும் ஆராய்தல் வேண்டும்.