காதோரம் நின்று பாடியவர்கள்: பாரிஸிலும் சென்னையிலும் காதல் பாட்டு பிழைத்த கதை

ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஓடும் கம்பெனி பஸ்களில் என்ன பாட்டு ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் பாதிப் பேருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலையில் புதுப் பாட்டு அலறும். இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது டிரைவர் பென்டிரைவை மாற்றுவார். ஏ.எம்.ராஜா வருவார், பி.பி.ஸ்ரீனிவாஸ் வருவார், சுசீலா வருவார். "பாட்ட மாத்துங்கண்ணே" என்று யாரும் குரல் கொடுப்பதில்லை. இந்தப் பாட்டெல்லாம் வந்தபோது இவர்களுடைய அப்பாக்களே பிறந்திருக்க மாட்டார்கள்!

இதே வட்டாரத்தில் பிரெஞ்சுத் தொடர்பும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, ஒரகடத்தில் 2010-இல் திறந்த ரெனோ-நிசான் கார் ஆலை. வேலை விஷயமாகச் சில பிரெஞ்சுக்காரர்களோடு பேசிப் பழகியதில், அவர்களுக்கும் இதே வியாதி இருப்பது தெரிந்தது. எடித் பியாஃப், இவ் மோந்தான், ழாக் பிரெல், ஷார்ல் அஸ்னவூர் என்று நாற்பதுகள் முதல் அறுபதுகள் வரையிலான பாட்டுகளை இன்னும் விடாமல் கேட்கிறார்கள். 'ஷான்சோன்' என்பார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் 'பாட்டு' என்றுதான் பொருள். ஆனால் வரிகளுக்கு முதலிடம் தந்து, பேசுவதுபோல் பாடுகிற ஒரு மரபுக்கே அது பெயராகிவிட்டது.

ஏன் இப்படி நிற்கின்றன இந்தப் பாட்டுகள்? வழக்கமான பதில் நமக்குத் தெரியும்: "அந்தக் காலத்து வரிகள் மாதிரி வருமா சார்?" இது பாதி உண்மை. அந்தக் காலத்திலும் சுமாரான பாட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன, அவற்றை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். மீதிப் பாதியைத் தேடிப் போனால் கவிஞர்களிடமிருந்து விலகி மைக், இசைத்தட்டு, சிற்றலை வானொலி என்று என் தொழிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

1906-இல் பிறந்த இரண்டு பேர்

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். பாரிஸ் பாடகர் ழான் சாப்லோனும் அதே ஆண்டு.

கிட்டப்பாவின் காலத்து நாடகக் கொட்டகையில் பாடகரின் தகுதி ஒன்றே ஒன்று: கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். காதல் பாட்டோ பக்திப் பாட்டோ, உச்ச ஸ்தாயியில்தான் பாடியாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் நாயகியிடம் ரகசியம் சொல்வதுபோன்ற காட்சி என்றாலும், அந்த ரகசியம் ஊருக்கே கேட்டாக வேண்டும்! கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். அந்தப் பாணியை எம்.கே.தியாகராஜ பாகவதர் சினிமாவுக்குள் கொண்டுவந்து, 'ஹரிதாஸ்' (1944) வரைக்கும் கொடிகட்டிப் பறந்தார்.

சாப்லோன் வேறு வழியில் போனார். 1936-இல் பாரிஸ் மேடையில் மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு பாடினார். பிரெஞ்சு மேடைக்கு அது புதுசு. குரல் இல்லாதவன்தான் மைக் வைத்துப் பாடுவான் என்று கிண்டலடித்தார்கள். ஆனால் அவர் செய்தது என்ன என்று யோசியுங்கள். ஆயிரம் பேர் இருக்கும் அரங்கில், ஒரே ஒருவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலைத் தணித்துப் பாட முடியும் என்று காட்டிவிட்டார்.

ஊதுகுழலிலிருந்து மைக்குக்கு

கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்த்துவிடலாம். 1925 வரை இசைத்தட்டுப் பதிவு முழுக்க இயந்திர வேலை. பாடகர் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் பாடுவார், அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை நகர்த்தி மெழுகில் கோடு கீறும். அதில் பதிவானது சுமாராக 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரைதான். மெல்லப் பாடினால் ஊசி அசையவே அசையாது. மூச்சு விடும் சத்தம், 'ச', 'ஸ' ஒலிகளின் உரசல், குரலின் அடிநாதம் எல்லாம் அதில் அடிபட்டுப் போகும்.

1925-இல் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பதிவு அறைக்குள் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. காதலில் நாம் பேசுகிற பேச்சின் உயிரே அந்த மூச்சிலும் தயக்கத்திலும்தான் இருக்கிறது. அது முதல் தடவையாகத் தட்டில் ஏறியது. இன்னொரு விஷயமும் உண்டு. குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கும் மைக்குக்கு மிக அருகில் போய்ப் பாடினால், குரலின் கீழ்ப்பகுதி தானாகவே கனத்துக் கேட்கும். ஒருவர் நம் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசும் உணர்வு அதனால் கூடுகிறது.

1930-இல் லூசியென் புவாயே பாடிப் பதிவான ஒரு காதல் பாட்டு பிரான்ஸில் பெரும் வெற்றி பெற்றது. கிட்டத்தட்ட தாலாட்டு அளவுக்கு மெல்லிய குரல். பத்து வருடம் முன்னால் என்றால் அதைப் பதிவே செய்திருக்க முடியாது.

நடிகர் வாயசைத்தால் போதும்

தமிழில் இந்த மாற்றம் கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. அதற்குக் காரணம் சினிமா. 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது, நடிகரே கேமரா முன்னால் நின்று பாட வேண்டும். மைக் கேமராவின் கண்ணில் படக் கூடாது, அதனால் தள்ளித்தான் இருக்கும். பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் செட்டுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். தள்ளி இருக்கும் மைக்குக்குச் சத்தமாகத்தானே பாட வேண்டும்? ஆக, மைக் வந்த பிறகும் நாடகக் கொட்டகைப் பாணியே தொடர்ந்தது.

ஏவி.எம்.மின் 'நந்தகுமார்' (1938) படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். ஐம்பதுகளில் இதுவே வழக்கமாகிவிட்டது. பாடுகிறவர் அழகாக இருக்க வேண்டியதில்லை, நடிக்க வேண்டியதில்லை. மூடிய அறைக்குள் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாடினால் போதும். சாப்லோன் மேடையில் செய்ததை நம் ஆட்கள் ரெக்கார்டிங் தியேட்டரில் செய்தார்கள்.

அந்த அறைக்குள் வந்தவர்களில் ஒருவர் ஏ.எம்.ராஜா (1929-1989). 'சம்சாரம்' (1951) படத்தில் அறிமுகம். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) ஜெமினி கணேசனுக்கு அவர் பாடியதைக் கேளுங்கள். ஒரு இடத்திலாவது குரலை உயர்த்தி நம்மை மிரட்டுகிறாரா? இன்னொருவர் பி.பி.ஸ்ரீனிவாஸ் (1930-2013). ஜெமினி ஸ்டூடியோவின் 'மிஸ்டர் சம்பத்' (1952) என்ற இந்திப் படத்தில் தொடங்கி, அறுபதுகளில் ஜெமினி கணேசனின் குரலாகவே ஆகிப்போனார். அவர் குரலில் இருக்கும் அந்தக் கனத்த அடிநாதம் கொட்டகைக் காலத்தில் முதல் வரிசையைத் தாண்டியிருக்காது.

"அப்போ டி.எம்.எஸ்.?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டி.எம்.சௌந்தரராஜன் பாகவதர் பாணியில் ஊறி வந்த குரல், எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பொருந்திய கம்பீரம். பிரான்ஸில் பியாஃபும் அப்படித்தான். தெருவில் மைக் இல்லாமல் பாடிப் பிழைத்தவர், 1935-இல் ஒரு கேளிக்கை விடுதிக்காரர் கண்ணில் பட்டு மேடைக்கு வந்தவர். ஆனால் இந்த இருவருமே மைக் இருந்ததால்தான் ஒரே பாட்டில் உரக்கவும் தணிந்தும் பாட முடிந்தது. உரத்த குரலுக்கும் ரகசியம் பேசும் வசதி கிடைத்தது.

தோற்ற ஆணின் குரல்

1959-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாண பரிசு' வந்தது. இசை ஏ.எம்.ராஜா, பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். நாயகி சந்தோஷமாகப் பாடிய மெட்டே பின்னால் நாயகன் குரலில் சோகமாகத் திரும்பி வரும். கதையில் அவன் காதலில் ஜெயிக்கவில்லை. அதே 1959-இல் பெல்ஜியத்தில் பிறந்த ழாக் பிரெல் பாரிஸில் 'ந மெ கித் பா' என்ற பாட்டைப் பதிவு செய்தார். விட்டுப் போகிற பெண்ணிடம் ஒரு ஆண் கெஞ்சும் பாட்டு. அது ஆண்களின் கோழைத்தனத்தைப் பற்றிய பாட்டு என்று பிரெல்லே பின்னாளில் சொன்னார்.

பொதுவெளியில் ஆண் இப்படி உடைந்து பேச அந்தக் காலத்தில் எங்கே இடம் இருந்தது? சாப்லோனை 'குரல் இல்லாதவர்' என்று கிண்டலடித்ததிலும் 'ஆம்பளைக் குரலா இது' என்ற ஏளனம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். நம்மூரிலும் வீர நாயகனுக்கு ஒரு குரல், காதல் நாயகனுக்கு ஒரு குரல் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு பஸ் ஜன்னலில் சாய்ந்திருக்கும் பையனுக்கு இரவில் எந்தக் குரல் தேவைப்படுகிறது என்பதை டிரைவர் அண்ணன் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்.

பெயர் இல்லாத காதலர்கள்

குரல் மட்டும் அருகில் வந்தால் போதாது. பாட்டுக்குள் கேட்பவருக்கு இடம் வேண்டும். தொல்காப்பியம் அகத்திணைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: காதலர்களைப் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது. தலைவன், தலைவி, தோழி அவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அது அந்த ஒருவரின் கதையாகிவிடும்.

இந்த மரபு சினிமாப் பாட்டில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. 'பாவமன்னிப்பு' (1961) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பி.பி.எஸ். பாடிய புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு வகையிலும் எது சிறந்ததோ அதுவே நான் என்று கீதையில் கண்ணன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதே வாய்ப்பாட்டில் அது காதலியைப் பாடுகிறது. கடவுளின் தற்கூற்றைத் தூக்கிப் பெயரில்லாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் கவிஞர்! அவள் யார்? படத்தில் பார்த்தால் ஒருத்தி. கண்ணை மூடிக் கேட்டால் அவரவர் மனத்தில் இருப்பவள். ஷான்சோனிலும் பெரும்பாலும் 'நான்', 'நீ' இரண்டே பேர்தான்.

அதனால்தான் படம் போனாலும் பாட்டு நிற்கிறது. ழாக் பிரெவேர் எழுதி ழோசெஃப் கோஸ்மா இசையமைத்த 'உதிர்ந்த இலைகள்' பாட்டு 1946-இல் வந்த ஒரு படத்துக்காக உருவானது. படம் ஓடவில்லை. பாட்டோ மோந்தான் குரலில் நின்று, ஆங்கிலத்துக்கும் போய், உலகம் முழுக்க ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் மெட்டாகிவிட்டது.

தடையும் ஒதுக்கீடும்

கடைசியாக, இந்தப் பாட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய இசையை வளர்க்க வேண்டும் என்று அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியிடம் இருந்தது. மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆனார்கள். 1957 அக்டோபரில் டெல்லி இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்கியது.

பிரான்ஸில் நேர்மாறு. ஆங்கிலப் பாட்டு வெள்ளத்தில் தங்கள் மொழிப் பாட்டு மூழ்கிவிடும் என்று பயந்து, 1994-இல் சட்டம் போட்டார்கள். அதன்படி 1996 முதல் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். அங்கே அரசு பாட்டைக் காப்பாற்றப் பார்த்தது, இங்கே அரசு தள்ளிவைக்கப் பார்த்தது. இரண்டு இடத்திலும் பழைய காதல் பாட்டு பிழைத்துக்கொண்டது.

வானொலி செய்த இன்னொரு காரியம், பாட்டைப் படத்திலிருந்து பிரித்துத் தனியே கொடுத்தது. நடிகரின் முகம் இல்லை, கதை இல்லை, இருட்டில் ஒரு குரல் மட்டும். மைக்குக்கு அருகே நின்று பாடியவரின் குரல், வழியில் வேறு யாரும் குறுக்கிடாமல் கேட்பவரின் தலைமாட்டுக்கே வந்துவிட்டது.

ஏ.எம்.ராஜாவுக்கு அறுபதுகளின் நடுவிலேயே வாய்ப்புகள் குறைந்துவிட்டன. 'ரங்க ராட்டினம்' (1971) போன்ற படங்களில் திரும்பி வந்தார், பழைய இடம் கிடைக்கவில்லை. 1989-இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். தொழில் அவரை விட்ட பிறகும் கேட்பவர்கள் விடவில்லை. 2017-இல் ஒரு பழைய ரேடியோப் பெட்டி வடிவத்தில் 'சரிகம கேரவன்' வந்து சக்கைப்போடு போட்டதே, அதன் வியாபாரமே இந்த விடாத காதுகளை நம்பித்தானே!

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 'காளிதாஸ்' படச்சுருள் இன்று கிடையாது. முப்பதுகளின் படங்கள் பலவும் அப்படிப் போனவைதான். சில படங்களுக்கு இசைத்தட்டும் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் மட்டுமே மிச்சம். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் தட்டின் லேபிளையும் புத்தகத்தின் அட்டையையும் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பாடியவர், எழுதியவர் பெயர் வேறெங்கும் இல்லாமல் அந்த ஒரு லேபிளில் மட்டும் இருக்கலாம்.