பசையென்று பெயர் பெற்ற கலங்கள்

1848 ஆம் ஆண்டு மேல் சைலீசியாவிற் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்ற இளம் வைத்தியர் ருடோல்ப் விர்ச்சோ, அம்மக்களுக்கு வேண்டிய மருந்து கல்வியும் ஜனநாயகமுமே என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அவ்வாண்டிலேயே பேர்லின் வீதித் தடுப்பரண்களிலும் நின்றார். நோயின் சமூக வேரைக் கண்ட இவர்தாம், 1856 இல், மூளையில் நரம்புக் கலங்களுக்கிடையே கிடந்த பொருளுக்கு நரம்புப் பசை என்று பொருள்படும் ‘நியூரோகிளையா’ என்னும் பெயரை இட்டார். நோய் அங்கும் தோன்றும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பசைக்கு ஒட்டுவதன்றி வேறென்ன தொழில் இருக்கக்கூடும்? சிந்திப்பது நரம்புக் கலம், ஏனையவை அதனைத் தாங்கி நிற்பவை என்ற எண்ணம் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆராய்ச்சியாளர் பலரின் பார்வையை மறைத்தது.

இத்திரையை விலக்கியவர்களுள் தலையாயவர் ஸ்பானியரான பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா. மட்ரிட் நகரில், 1906 இல் நோபல் பரிசு பெற்ற ரமோன் இ கஹாலின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். வெள்ளிக் காபனேற்றினால் மூளைத் துண்டுகளுக்குச் சாயமூட்டும் புதுமுறையொன்றைக் கண்டு, கஹால் ‘மூன்றாம் மூலகம்’ எனப் பொதுப்படக் குறித்ததனுள் இரு வேறு கலங்கள் இருப்பதை 1919 இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் காட்டினார். மாணவர் ஆசிரியரைத் திருத்தியது உவப்பாயிருக்கவில்லை. (மேதைக்கும் மனத்தாங்கல் உண்டு போலும்!) வேறு கசப்புகளும் சேர, 1920 இல் ஓர்ட்டேகா அவ்வாய்வுகூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1936 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பாரிஸ், ஒக்ஸ்போர்ட் என அலைந்து, 1940 இல் புவெனஸ் அயர்ஸ் சேர்ந்த அவர், 1945 இல் அங்கேயே காலமானார். பிராங்கோவின் ஸ்பெயினில் அவருக்கு இடமிருக்கவில்லை.

அவர் கண்ட நுண்கிளையாக் கலங்கள் சும்மா இருப்பனவல்ல. கிளைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தை ஓயாது துழாவுகின்றன. காயமுற்ற இடத்திற் சிதைவுகளை விழுங்குகின்றன. வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைகின்றன. இக்களைபிடுங்கலே காலந்தப்பி நிகழுமாயின் தீங்காகிறது. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் வேண்டிய இணைப்புகளையும் அவை விழுங்குவது 2016 இல் எலிகளிற் காட்டப்பட்டது. ஓர்ட்டேகா பிரித்தறிந்த மற்றைய கலங்கள் நரம்பிழைகளுக்கு மயலின் உறை சுற்றுவன. பன்முகத் தடிப்பு நோயில் அவ்வுறை அழிய, செய்தி நடுவழியில் தளர்கிறது. கண் மங்குகிறது, கால் தள்ளாடுகிறது. இன்னொரு வகையான விண்மீனுருக் கலங்கள், நரம்புக் கலங்கள் வெளிவிடும் குளுத்தமேற்றை உறிஞ்சியெடுக்கின்றன. அவை எடுக்காவிடின் அப்பொருளே நரம்புக் கலத்துக்கு நஞ்சு.

ஒரு நரம்புக் கலத்துக்குப் பத்துக் கிளையாக் கலங்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2009 இல் பிரேசில் விஞ்ஞானிகள் நால்வரின் மூளையை எடுத்து எண்ணினர். நரம்புக் கலங்கள் சுமார் 8,600 கோடி. ஏனையவையும் ஏறக்குறைய அவ்வளவே.