தமிழ்நாட்டில் ஏதிலியர் மறுவாழ்வு: துறைகளின் கூட்டுப்பணி

தமிழ்நாட்டு அரசின் மறுவாழ்வுப் பணி பேரளவில் விரிந்தது 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நாடற்றவராக்கப்பட்டிருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அன்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிட்டது; பின்னாளில் ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனம் ஆனது அதுவே. மறு ஆண்டில் மத்திய அரசும் தென்மாநிலங்களும் சேர்ந்து ரெப்கோ வங்கியை நிறுவின. வீடும் கடனும் எல்லோருக்கும் எட்டவில்லை. கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. ஆனாலும் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். கிடைக்காததை உரிமையென்று கேட்டுப் போராட அவர்களுக்கு வழியிருந்தது.

1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் படகேறி வந்த ஈழத்தமிழருக்கு அந்த வழி இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அலையலையாக வந்தனர். ஆட்சியரின் பொறுப்பில் வருவாய்த் துறை முகாம்களை நடத்தியது. பணக்கொடையும் ரேஷன் அரிசியும் கிடைத்தன, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தனர். செலவை மத்திய அரசு ஈடுசெய்தது. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளும் தோள்கொடுத்தன. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமே இல்லாத நாட்டில் இது சிறிய காரியமல்ல. 2021இல் மாநில அரசு ரூ.317.40 கோடியில் புதிய வீடுகள் உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. இத்தனை துறைகள் கூடியும் தர முடியாதது ஒன்றுண்டு: குடியுரிமை. அது மத்திய உள்துறையின் கையில் இருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இல்லாவிட்டால், பிறப்புவழிக் குடியுரிமை கிடையாது. முகாமில் பொறியியல் படித்து முடித்தவரும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின் எழுந்த பாதுகாப்பு அச்சத்தைக் குடியுரிமை மறுப்புக்குச் சிலர் காரணம் காட்டுவர். அந்த அச்சம் அன்று பொருளற்றதல்ல. ஆனால் மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவுப் பதிவேட்டில் பல்லாண்டாகப் பெயருள்ள குடும்பங்களை விட நன்கறியப்பட்டவர் யார்? குடியுரிமை தந்தால் ஊர் திரும்பும் உரிமையும் காணியும் பறிபோகும் என்பது இன்னொரு வாதம். திரும்ப விரும்புவோருக்கு அது மெய்யான கவலை. எனவே தெரிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதியது. அதில் இலங்கையைச் சேர்க்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும்.