இடிபாடும் குடியிருப்பும்: நோர்வூட் – பொகவந்தலாவைப் பாதை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

இடிபாடுகளைக் காண நடந்து செல்வது ஐரோப்பிய மேல்தட்டினரிடையே தோன்றி, காலப்போக்கில் நடுத்தர வர்க்கத்தினரிடமும் பரவிய ஒரு பண்பாட்டு வழக்கமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் தம் கல்வியின் நிறைவாக இத்தாலிக்குச் சென்று றோமாபுரியின் சிதைந்த தூண்களிடையே உலாவி வந்தனர். தமது மாபெரும் வரலாற்று நூலை எழுதும் எண்ணம் 1764 ஒக்டோபரில் கப்பித்தோல் குன்றின் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்தபோதே தமக்குத் தோன்றிற்று என்று எட்வேட் கிபன் தம் தன்வரலாற்றிற் குறித்துள்ளார். அன்று பிரபுக்களுக்கு மட்டும் வாய்த்தது இன்று ஒரு நாள் விடுமுறை எடுக்கக்கூடிய எவருக்கும் வாய்க்கிறது. இங்கிலாந்தின் வடபால், றோமப் பேரரசன் ஹேட்ரியன் எழுப்பிய மதிலை ஒட்டி ஏறத்தாழ 135 கிலோமீற்றர் நீளமான நடைபாதையொன்று 2003 இல் திறக்கப்பட்டது. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, உணவுப் பொதியுடன் பின்தொடர்வோர் காலையிற் புறப்பட்டு மாலையில் மீளலாம்.

இவ்வகை நடைக்கு அடிப்படையான நிபந்தனை ஒன்றுண்டு. காணப்படும் இடம் வெறுமையாய் இருத்தல் வேண்டும். கல் சுமந்தோரின் வழித்தோன்றல் எவரும் அம்மதிலருகே நின்று உரிமை கோருவதில்லை; கூலி உயர்வு கேட்பதுமில்லை. ஆகவேதான் பார்ப்பவரது துயரம் செலவற்ற துயரமாய் அமைந்துவிடுகிறது.

இந்நிபந்தனை எமது மலைநாட்டில் எவ்வாறு பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. கண்டியையடுத்த ஹந்தானையிற் தொடங்கி நுவரெலியாவில் முடிவுறும் ‘பெக்கோ பாதை’ 2023 முதல் நடப்போருக்குத் திறந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஐக்கிய அமெரிக்காவினதும் உதவி நிதியுடன் அமைந்த இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. இருபத்திரண்டு பகுதிகளாக வகுக்கப்பட்டது. கோப்பியும் தேயிலையும் ஏற்றிச் செல்வதற்கென வெட்டப்பட்ட பழைய தோட்டத்துப் பாதைகளே இதிற் பெரும்பாலும் இணைக்கப்பட்டுள்ளன. அதன் ஒரு பகுதியான நோர்வூட் – பொகவந்தலாவை வழியில், அப்பள்ளத்தாக்கின் தோட்டமொன்றிற் பிறந்த இளைஞர் ஒருவரின் வழிகாட்டலில் நாம் ஒரு பகல் முழுவதும் நடந்தோம். உல்லாசப் பயணத் துறையின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது எமது நோக்கமன்று. அவ்வழியிற் கடந்தகாலம் எனக் காட்டப்படுவது எது, காட்டப்படாதது எது என்பதையே நாம் கவனித்தோம்.

கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கு அது. இருமருங்கும் தேயிலை, இடையிடையே தொழிற்சாலை, துரை பங்களா, கோயில். வழிகாட்டி தோட்டப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே சென்றார். இலக்கிய மாணவர்க்கு இம்மலைநாட்டின் வரைபடம் ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவரின் புத்தக அலுமாரி போன்றே தோன்றும். வேவர்லி, கெனில்வேர்த் என்பன சேர் வோல்ற்றர் ஸ்கொற்றின் நாவல்கள். அபொட்ஸ்போர்ட் அவர் வாழ்ந்த மனை. டன்சினேன் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்று. இவையனைத்தும் இங்கே தோட்டங்களின் பெயர்கள். நிலத்தைக் கைப்பற்றியோர் தம் நினைவுகளையும் அதன்மீது எழுதிவைத்தனர். அந்நிலத்தில் உழைத்தோர் தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை வழங்கினர் ஆயினும், பெயர்ப்பலகையில் ஏறியவை முன்னவையே.

பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயத்து வளவில் இரு கல்லறைகள் அருகருகே உள்ளன. ஒன்று சாள்ஸ் ஹே கமறன் என்பாருடையது; மற்றையது அவர்தம் மனைவி ஜூலியா மாகிறெற் கமறனுடையது. இவ்விருவரையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இப்பாதையின் வரலாறு பெருமளவு துலக்கமுறும்.

கமறன் பெந்தாமின் பயன்பாட்டுவாதத்தைத் தழுவிய சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய அனுப்பப்பட்ட ஆணைக்குழுவில் கோல்புறூக்குடன் சேர்ந்து பணியாற்ற 1830 இல் இங்கு வந்தவர். கோல்புறூக்கின் அறிக்கை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்குமாறு விதந்துரைத்தது. கமறனின் அறிக்கை நீதிமன்ற அமைப்பைச் சீர்செய்தது. 1832–33 இல் நடைமுறைக்கு வந்த இச்சீர்திருத்தங்களை எமது பாடநூல்கள் முற்போக்கானவை என்றே போற்றுகின்றன. அதில் உண்மை இல்லாமலில்லை. நிலமானியக் கட்டு ஒன்று அறுந்தது மெய்யே. ஆயின் யாருக்காக அறுந்தது? மூலதனத்திற்குச் சந்தையில் விலைக்கு வாங்கத்தக்க உழைப்பும் விலைக்கு வாங்கத்தக்க நிலமும் வேண்டியிருந்தன. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் இரண்டாவதை வழங்கிற்று. கண்டி நாட்டு விவசாயியோ கிடைத்த சுதந்திரத்தைத் தோட்டக் கூலியாவதற்குப் பயன்படுத்த மறுத்தான். அவ்வெற்றிடத்தை நிரப்பவே மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்றோரும் பஞ்சத்தில் அடிபட்டோரும் கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டனர்.

கமறன் தாமே பின்னாளில் இங்கு கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரானார். கொள்கை வகுத்தவரே அக்கொள்கையின் பயனையும் நுகர்ந்தார். 1869 இல் முதன்முதலிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துவந்த காலத்தில், 1875 இல், முதுமையில் மனைவியுடன் இங்கு வந்து குடியேறினார். அம்மையார் 1879 இலும் அவர் 1880 இலும் காலமாயினர்.

ஜூலியா கமறன் இன்று உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர். நாற்பத்தெட்டாம் வயதிற் கமெராவைக் கையிலெடுத்து டெனிசன், டார்வின், ஹேர்ஷெல் ஆகியோரைப் படம்பிடித்தவர். இலங்கையில் அவர் எடுத்தனவாகத் தெரியவரும் படங்கள் முப்பதிற்கும் குறைவு. அவற்றிற் பெரும்பாலானவை தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைப் பகுதி மக்களையும் காட்டுவன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் மடோன்னாவாக நின்ற வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயரை நாம் அறிவோம். இலங்கைப் படங்களில் நிற்போருக்குப் பெயரில்லை. ‘விவசாயிகள்’, ‘இலங்கைப் பெண்’ என்ற வகைப்பெயர்களே உள. இதனைத் தனியொரு கலைஞரின் அலட்சியமென்று கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். முகங்களை அவர் அக்கறையுடன் பார்த்திருக்கிறார். அது படங்களிலே தெரிகிறது. பெயரைக் கேட்கத் தேவையில்லாத ஓர் உற்பத்தி உறவின் உள்ளே நின்று அவர் பார்த்தார் என்பதே இங்கு மனங்கொளத்தக்கது. தோட்டத்துச் செக்றோலில் தொழிலாளிக்குப் பெயர் இருந்தது. அது கூலியைக் கணக்கிடுவதற்கான பெயர்.

வழியில் லயன்கள் பல இருந்தன. வழிகாட்டி அவ்விடங்களிற் சற்று விரைந்து நடந்தார். அது அவருடைய நாணமா, அன்றித் தம் மக்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாதென்ற கண்ணியமா என்று நாம் எண்ணிப் பார்த்தோம். பின்னதே என்று பட்டது. ஓரிடத்தில், விறகு அடுக்கிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, “என்னாத்தப் பாக்க வந்தீங்க ஐயா?” என்று கேட்டாள். பழைய கட்டடங்களை என்றோம். தன் லயத்துச் சுவரைத் தொட்டுக்காட்டி, “இதுவும் பழசுதான். எங்க பாட்டி வந்தப்பவே பழசு” என்றாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பழைய அளவில் அமைந்த அறை. முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. அருகிலுள்ள பங்களா அதே வயதினதாக இருத்தல் கூடும். மலைநாட்டிலே அத்தகைய பங்களாக்கள் சில மரபுச்சின்ன விடுதிகளாகிவிட்டன.

இங்கே சட்டத்தையும் நோக்குதல் தகும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே பொதுவாகத் தொல்பொருளெனக் கொள்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். பிற்பட்ட கட்டடங்களைத் தனியே அறிவித்துக் காக்க வழியுண்டு எனினும், பெருந்தோட்ட வரலாறு முழுவதும் அந்த நாளுக்குப் பின்னரே நிகழ்ந்தது. எனவே இம்மக்களின் கடந்தகாலம், சட்டத்தின் பொதுவான பார்வையிற் பழமையுள் அடங்காது. அவர்களது நிகழ்காலமோ 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் நெடுங்காலம் சட்டத்தின் பார்வையில் இந்நாட்டினதாகவே இருக்கவில்லை.

உண்மையான இடிபாடு ஒன்றை நாம் காணாமலில்லை. கூரையிழந்து, சுவர்களிடையே கொய்யா முளைத்து நின்ற லயன் வரிசை அது. “ஊருக்குப் போனவங்க லயம் சேர்” என்றார் வழிகாட்டி. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதெனவும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதெனவும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனிதர் பங்கிடப்பட்ட இவ்வரலாற்றின் பௌதிகச் சான்று அச்சுவர். அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரியிலே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். றோம இடிபாடு காலத்தால் வெறுமையானது. இது கையொப்பத்தால் வெறுமையானது.

நடத்தல் என்பதும் இங்கு வேறொரு பொருள் கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இம்மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைக் கொன்றன. 1849 இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, அந்தத் தசாப்தத்தில் மாண்டோர் எழுபதினாயிரம் அளவில் இருக்கலாமென மதிப்பிட்டது. அத்தொகை மிகையானதென வாதிடும் ஆய்வாளர் உளர். எண்ணிக்கை பற்றிய இவ்விவாதம் எழுவதற்கே காரணம், இறந்தோரை எவரும் அப்போது ஒழுங்காகப் பதியவில்லை என்பதுதான். 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரிற் தொடங்கி ஓகஸ்ற் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்த நடைபவனி, இருநூறாண்டு நினைவாக அவ்வழியை மீண்டும் நடந்தது. அதிற் காணி, வீடு, நியாயமான கூலி ஆகிய கோரிக்கைகளும் உடன் நடந்தன. ஒரே ஆண்டில் மலைநாடு தொடர்பான இரு நடைகள் தொடங்கின. ஒன்று காட்சிக்காக, மற்றது உரிமைக்காக. முன்னதை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. எமது வழிகாட்டிக்கு அது தோட்டக் கூலியிலும் மேலான வருவாயைத் தருகிறது. ஆயினும் அந்தப் பாதையை வெட்டியோரும் அதிற் சுமை தூக்கியோரும் யார் என்பதைச் சொல்லும் கடமை அப்பாதைக்கு உண்டு.

இலக்கியம் இப்பணியை எவ்வளவு தூரம் ஆற்றியது? 1869 இல் ஆபிரகாம் ஜோசப் கோப்பிக் கிருஷிக் கும்மியை வெளியிட்டார். தோட்டத்தை நிருவகிப்போரின் நோக்கில், பயிர்செய்கையைக் கற்பிக்கும் நூல் அது; கோப்பியை அழித்த நோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டில் அது வெளிவந்தமை வரலாற்றின் குறும்பு எனலாம். புதுமைப்பித்தன் 1930களில் ‘துன்பக்கேணி’யைத் தமிழகத்திலிருந்தே எழுதினார். அவரது சீற்றம் மெய்யானது. ஆனால் மலை அவர் நேரிற் காணாத மலை. தோட்டத்திலேயே பிறந்த சி.வி.வேலுப்பிள்ளைதான், தேயிலையின் அடியிற் புதைந்தோருக்கு நினைவுச்சின்னம் இல்லை என்பதைக் கவிதையின் மையப்பொருளாக்கினார். அதை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும், பின்னரே சக்தீ அ.பாலையாவினால் அது தமிழுக்கு வந்தது என்பதும் தனியே ஆராயத்தக்க செய்தி.

ஆலய வளவிலிருந்து வெளியே வந்தபோது, அவருடைய பாட்டனார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று வழிகாட்டியிடம் கேட்டோம். எதிரே இருந்த சரிவைக் காட்டினார். கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடைகளுடன் இறங்கிக்கொண்டிருந்தனர். “பத்தாம் நம்பர் மலைக்கு மேல சேர். பிறகு தேயில போட்டுட்டாங்க. அது இந்தப் பாதையில இல்ல, நேரமிருந்தா இன்னொரு நாளைக்குப் போவலாம்” என்றார்.